பெட்டியில் என் பாதி

என் மனைவியின் முதல் பால்பல் இன்னும் இருக்கிறது. ஹோமியோபதி மாத்திரை வந்த சின்னக் குப்பியில், பஞ்சு வைத்து, மேலே சீட்டு ஒட்டி. சீட்டில் 'மேல் வரிசை, இடது பக்கம். முறுக்கு கடித்தபோது விழுந்தது' என்று அச்சடித்தது போல எழுத்து. எழுதியவர் என் மாமனார். தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உத்தமபாளையத்தில் அவர் வீட்டு உப்பு டப்பாவுக்குக்கூடச் சீட்டு உண்டு.

எங்கள் வீட்டில் பல் விழுந்தால் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரை மேல் எறிவோம். அவ்வளவுதான். என் பற்கள் அத்தனையும் எங்கள் ஊரான கம்பத்தில் யார் யார் வீட்டு ஓட்டின் மேலோ கிடக்கின்றன.

அந்தக் குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குள் வந்தது வியப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. வயிற்றெரிச்சல்.

அப்போது அவளுக்கு எட்டு மாதம். வளைகாப்பு முடிந்ததும் உத்தமபாளையத்துக்குப் பிரசவத்துக்குப் போய்விடுவாள். நாங்கள் இருப்பது தேனியில், மாடியில் ஒன்றரை அறை வாடகை வீடு. எனக்குச் சொட்டுநீர்க் குழாய் விற்கிற கம்பெனியில் வேலை. தோட்டம் தோட்டமாக பைக்கில் அலைவேன். அப்படி ஒரு தோட்டத்திலிருந்து திராட்சை அடுக்குகிற அட்டைப்பெட்டி ஒன்றைக் காலியாகக் கொண்டுவந்திருந்தேன். அவள் அதன் நடுவில் ஓர் அட்டையைச் செருகி இரண்டாகப் பிரித்தாள்.

"இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் உங்களுக்கு. நாம சின்னப் புள்ளையில வச்சிருந்ததுல புள்ளைக்குக் காட்டணும்னு தோணுறது மட்டும். பெட்டிக்கு மேல ஒரு சாமான் கெடையாது. இந்த வீட்டுக்கு இதுவே சாஸ்தி."

"நெரப்பிரலாம்" என்றேன். எதைக் கேட்டாலும் முதலில் சரி என்று சொல்லிவிட்டு அப்புறம் யோசிக்கிறவன் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் ஒரு டிரங்குப்பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். உள்ளே, பல் குப்பி. முதல் மொட்டையின் முடி, ஒரு காகித உறையில். முதல் சிலேட்டு, ஓரம் உடைந்தது, 'உடைத்தது இவளே' என்ற சீட்டோடு. ஒன்றாம் வகுப்பில் வரைந்த யானை. பொக்கிஷம் மாதிரி மடித்த ஒரு ரோஸ் நிற கவுன். மாறுவேடப் போட்டியில் கட்டிய மயில் தோகை. கால் கொலுசில் கழன்று விழுந்த ஒற்றை மணி. அம்மை போட்டு எழுந்தபோது தலைக்கு ஊற்றிய தண்ணீரில் கிடந்த வேப்பிலை, காய்ந்து, கண்ணாடித்தாளுக்குள். வேப்பிலைக்கு ஒரு சீட்டு! நான் என் பத்தாம் வகுப்பு மார்க் லிஸ்ட்டையே இரண்டு தடவை தொலைத்து வாங்கியவன்.

அவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, வயிற்றின் மேல் வைத்துப் பார்த்து, திரும்பக் கீழே வைத்தாள். யானையா, மயிலா? சிலேட்டா, கவுனா? அரைமணி நேரம் ஆனது.

"எத விடுறதுன்னே தெரியலங்க" என்றாள், அழுகிற குரலில்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எதை வைப்பது என்று தெரியாமல் ஒருத்தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். என் பாதியில் ஒரே ஒரு போட்டோ கிடந்தது. ஏதோ கல்யாணப் பந்தியில் எடுத்தது. அதிலும் பாயசம் ஊற்றுகிறவர் கை என் முகத்தில் பாதியை மறைத்திருந்தது.

மாமனார் எட்டிப் பார்த்தார். "மாப்ளே, ஒங்க பக்கம் இன்னும் வரணுமோ?"

"வருது மாமா. கம்பத்துல இருக்கு" என்றேன்.

மொட்டை மாடிக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஒன்னுமில்லையே ராசா" என்றது அம்மா.

"ஒரு சட்டை கூடவா இல்ல?"

"ஒஞ் சட்டையா? அதத்தான் தெருவே வாங்கிட்டுப் போயிருச்சே!"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிறந்த பிள்ளைக்கு முதன்முதலில் புதுத்துணி போடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. நோய் நொடி இல்லாமல் வளர்ந்து நிற்கிற வேறு ஒரு பிள்ளையின் பழந்துணியை, வாய்விட்டுக் கேட்டு வாங்கி, அதைத்தான் போடுவார்கள். அந்தப் பிள்ளையைப் போல இதுவும் நிற்கட்டும் என்று. நான் பிறக்கும்போதே நாலு கிலோ. சளி பிடித்ததில்லை, காய்ச்சல் அடித்ததில்லை. தெருவில் என் பெயரே குண்டுப் பயல். அதனால் எந்த வீட்டில் பிள்ளை உண்டானாலும் எங்கள் வாசலுக்கு வந்து நின்றிருக்கிறார்கள். கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. அம்மாவும் சொல்லவில்லை. மேல் சட்டை, கால் சட்டை, குல்லாய், கடைசியில் தொட்டில் சேலை வரைக்கும் போயிருக்கிறது.

ஆக, என் குழந்தைப் பருவம் தொலையவில்லை. பங்கு போடப்பட்டிருந்தது. யார் யாரோ பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு தவழ்ந்திருக்கிறார்கள். மொட்டை மாடியில் நின்றபடியே, முகம் தெரியாத அத்தனை பேர் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

"ஒன்னே ஒன்னு இருக்கும்" என்றது அம்மா. "அப்பா வேட்டியக் கிழிச்சு நான் கையால தச்சேன்ல, அடியில பச்சக்கரை வச்சு. கேட்டு வாங்குன பழசு எதுவும் ஒனக்குப் பத்தல, மொத மொத ஒனக்குப் போட்டது அதுதான். பக்கத்து வீட்டுல இருந்தா பாரு, வாழத்தாரு லோடு ஏத்துறவர் பொஞ்சாதி, அவ வாங்குனா. இப்ப சொந்த ஊருக்கே போயிட்டாக, மயிலாடும்பாறைக்கு. போன வருசம் ஒரு விசேசத்துல பாத்தேன். பத்திரமா வச்சிருக்கேன்னு சொன்னா."

"நான் போயி வாங்கிட்டு வாரேன்."

"ஏலே! குடுத்ததத் திருப்பிக் கேக்கக் கூடாதுடா. வீட்டுல புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு! அது நமக்கு ஆகாது."

"கேக்க மாட்டேம்மா. சும்மா பாத்துட்டு வாரேன்."

கேட்கத்தான் போனேன். அம்மாவுக்கும் அது தெரியும்.

மறு ஞாயிறு காலையில் கிளம்பிவிட்டேன். கண்டமனூர் விலக்கில் திரும்பி, கடமலைக்குண்டு தாண்டி. வழியெல்லாம் இலவங்காய் வெடித்துப் பஞ்சு ரோட்டோரம் ஒதுங்கிக் கிடந்தது. வண்டியில் போகும்போதே சீட்டு எழுதிக்கொண்டு போனேன், மனதுக்குள். 'முதல் சட்டை. அப்பாவின் வேட்டியில் அம்மா தைத்தது.' மாமனாருடைய சீட்டு எதுவும் இதற்கு முன்னால் நிற்காது. கவுன் என்ன கவுன், கடையில் வாங்கியது.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம், கம்பத்தில் இன்னார் மகன் என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அடி ஆத்தா! அந்தக் குண்டுப் பயலா நீ? ஒடம்பெல்லாம் எங்கடா போச்சு?"

எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு கிலோ. பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ஒருவன் குனிந்து வெளியே வந்தான். வாசல் நிலையைவிட உயரம். தோள் இரண்டும் கதவை அடைத்தன. பிக்கப் வண்டி ஓட்டுகிறானாம், வாழை லோடு.

"எம் மகன்தான்" என்றார் அத்தை. அப்படித்தான் கூப்பிட வாய் வந்தது. "இவனுக்கு முந்தி ரெண்டு தங்கல. ஒஞ் சட்டையப் போட்டுத்தான் இவன் நின்னான்."

என் சட்டையைப் போட்டவன் என் உடம்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான் அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது.

அத்தை ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். திறந்ததும் வசம்பு வாசம். உள்ளே அது. என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. வெள்ளை பழுத்து மோர் நிறமாகியிருந்தது. பின்னால் முடிச்சுப் போடுகிற நாடா. அடியில் பச்சைக்கரை மட்டும் இன்னும் பளிச்சென்று. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பை ஓட்டும்போது அப்பா தொடைக்கு மேல் மடித்துக் கட்டியிருக்கும் அதே கரை.

கழுத்தைச் சுற்றி வண்ண வண்ணமாக நூல் தையல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் அரிசி நீளம்.

"இது என்ன?"

"போட்ட புள்ளைக்கு ஒன்னு" என்றார் அத்தை. "இந்தச் செவப்பு இவன். மஞ்ச, எந் தங்கச்சி மக, வருசநாட்டுல குடுத்திருக்கோம்ல, அவ மகன். இந்த நீலம் ரெட்டைப் புள்ள. ஆளுக்குப் பாதி நாள் போட்டாக, அதான் கிட்டக் கிட்டத் தச்சிருக்கு. இந்தக் கருப்பு டீச்சரு பேத்தி, இப்ப காலேஜி படிக்குது. யாருக்குப் போட்டாலும் மூணே நாளு. தொவச்சு, ஒரு நூல் தச்சு, எங்கிட்ட வந்துரணும்."

விரலால் தடவிக்கொண்டே போனேன். பதினொரு நூல். சிவப்பில் ஆரம்பித்தது. சிவப்புக்கு முன்னால் வெறும் துணி.

"இதுல எனக்கு நூலு இல்லையே?"

கேட்டபிறகுதான் எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாகக் கேட்டேன் என்று உறைத்தது. மகன் கடலையை மென்றுகொண்டே சிரித்தான். "நீங்க ஓனருண்ணே. ஓனருக்கு எதுக்கு டோக்கன்?"

அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. அம்மாவிடம் சொன்னதெல்லாம் பறந்துபோனது.

"இத நான் எடுத்துட்டுப் போறேன் அத்தை" என்றேன்.

மகன் மெல்லுவதை நிறுத்தினான்.

"எடுத்துட்டுப் போயி?" என்றார் அத்தை.

"பெட்டியில வைக்கணும்."

"பெட்டியில வச்சு?"

"எம் புள்ளைக்குக் காட்டணும். வளந்தப்பறம். எங்கிட்ட வேற எதுவும் இல்ல அத்தை. என் வீட்டம்மாகிட்ட பல்லு கூட இருக்கு."

"பல்லா?" என்றான் மகன்.

அத்தை சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுவர்ப்பக்கம் கண்ணைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். இடுப்பளவு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். என் மனைவியைவிடச் சின்ன வயது. வயிறு முன்னால் நின்றது. எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒரு வாரமாக அது என் மூஞ்சியில்தான் இருந்தது.

"அவளுக்கும் மொத ரெண்டும் தங்கல" என்றார் அத்தை, குரலைத் தாழ்த்தி. "மூணாவது மாசமே வந்து சொல்லி வச்சுட்டா. இப்ப எட்டு."

"என் வீட்டுலயும் எட்டுதான்."

"அப்ப நீயும் புள்ளைக்காரன்தானடா. புள்ளைக்காரன் வந்து கேக்குற மாதிரி கேளு. எடுத்துட்டுப் போறேன்னா என்ன அர்த்தம்?"

எப்படிக் கேட்பது என்று அவரே சொல்லிக் கொடுத்தார். கையை நீட்ட வேண்டும். 'எம் புள்ளைக்கு ஒரு பழந்துணி குடு தாயி' என்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பா கட்டிய வேட்டியில், எங்கள் அம்மா தைத்து, நான் போட்டுக் கழித்த சட்டைக்கு நான் கை நீட்ட வேண்டும்! அவமானமாகத்தான் இருந்தது. பி.எஸ்சி. படித்தவன், பவர்பாயிண்ட் போட்டு விவசாயிகளுக்கு வகுப்பெடுக்கிறவன், சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் பார்க்க, கையை நீட்டிச் சொன்னேன்.

அத்தை டப்பாவோடு கொடுத்தார். என் மனைவிக்குச் சொன்ன தேதி அந்தப் பெண்ணுடையதைவிட இரண்டு வாரம் முந்தி. பிள்ளை பிறந்து மூன்று நாள். அதற்குப் பிறகு மகன் லோடுக்கு உத்தமபாளையம் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்வான். பேச்சு முடிந்தது. அந்தப் பெண்ணிடம், "கண்டிப்பா வந்துரும்மா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். நம்பவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

நம்பாமல் இருந்ததும் சரிதான். திரும்பி வருகிற வழியிலேயே எனக்கு யோசனைகள் உதித்தன. துவைக்கும்போது கிழிந்துவிட்டது என்று சொல்லலாம். ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டது எனலாம். அதே மாதிரி பச்சைக்கரை வேட்டி தேனியில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மகள் பிறந்தாள். சொன்ன தேதிக்கு ஐந்து நாள் கழித்து, உத்தமபாளையத்தில். இரண்டே முக்கால் கிலோ.

அறைக்குக் கொண்டுவந்ததும் மாமியார் ஒரு கையில் ரோஸ் கவுனை எடுத்துக்கொண்டு நின்றார். அது என் மனைவி முதன்முதலில் போட்டதாம். எங்கள் அம்மா பிஸ்கட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது. படுத்திருந்த என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"அந்தச் சட்டையையே போடுங்க அத்தை" என்றாள் எங்கள் அம்மாவிடம். "இவுக மூஞ்சியப் பாக்கப் பாவமா இருக்கு."

போட்டார்கள். நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டியிருந்தது. என் மகள் என் சட்டைக்குள் தொளதொளவென்று கிடந்து கொட்டாவி விட்டாள். அந்த இரண்டு நாளும் நான் யார்மேலும் பொறாமைப்படவில்லை என்று எழுத ஆசை. உண்மை என்னவென்றால், மாமனார் என்மேல் பொறாமைப்பட்டதை ரசித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கழுத்து நூல்களை ஒவ்வொன்றாக எண்ணினார் அவர். ஒவ்வொரு நூலும் யார் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"மாப்ளே, இதுல இண்டெக்ஸே இருக்கு!" என்றார். அப்புறம் கதவைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "இதப் போயி எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்? பழைய துணி, நைஞ்சு போச்சுன்னு சொன்னா யாரு கேக்கப் போறாக? நம்ம ரெக்கார்டுல இருக்கட்டுமே."

ஒரு மாதமாக நான் மனதுக்குள் பேசிவந்த அதே பேச்சு. இன்னொருத்தர் வாயில் கேட்டபோது அது கேவலமாக இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவள் ஞாபகம் வந்தது. அவர் அவளைப் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் மத்தியானமே அத்தை மகன் போன் செய்தான். "அண்ணே, பக்கத்து வீட்டுக்கு வலி வந்துருச்சு. நாளு இன்னும் இருக்குன்னாக, முந்திக்கிருச்சு. நான் சின்னமனூருல நிக்கிறேன். வரட்டா?"

"எங்களுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கே" என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "வாப்பா" என்றேன்.

அவன் வருவதற்குள் துவைக்க வேண்டும், காய வேண்டும், நூல் தைக்க வேண்டும். அம்மா அலசி, உதறி, மின்விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றது. மாமியாரின் தையல் டப்பாவில் மற்ற எவரும் எடுத்திராத ஒரு நிறம் தேடினேன். கத்திரிப்பூ நிறம் கிடைத்தது. நானே தைக்கிறேன் என்றேன். ஊசியில் நூல் கோர்க்கவே ஐந்து நிமிஷம் ஆனது. பதினொன்றாவது நூலுக்கு அடுத்ததாக என் மகளுக்கு ஒன்று தைத்தேன்.

யாரும் பார்க்காதபோது, சட்டையைத் திருப்பி, சிவப்புக்கு முன்னாலிருந்த வெறும் துணியில் அதே கத்திரிப்பூ நூலால் இன்னொன்று தைத்தேன். அவசரத்தில் கோணலாகப் போய்விட்டது. மயிலாடும்பாறை அத்தை கேட்டால் கை தவறிவிட்டது என்று சொல்ல நினைத்திருந்தேன். இன்றுவரை கேட்கவில்லை.

பிக்கப் வந்து நின்றது. எஞ்சினை அணைக்காமலே மகன் கையை நீட்டினான். டப்பாவைக் கொடுத்தேன். "ஓனருக்குத் தாங்க்ஸு!" என்று கத்திவிட்டு வண்டியைத் திருப்பினான். வாழைச்சருகு இரண்டு பறந்து வந்து காலடியில் விழுந்தன.

மறுநாள் தகவல் வந்தது. ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காக. மூன்றே முக்கால் கிலோவாம். சட்டை அச்சாகப் பொருந்திவிட்டதாம், நாடா ஒரு சுற்றுக்கே சரியாக இருந்ததாம். சந்தோஷம்தான். ஆனால் சரியாக ஒரு கிலோ கூடுதல்! முந்திக்கொண்டு பிறந்த பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு? தொட்டிலில் என் மகளைப் பார்த்தேன். ஒரு நாள் முந்திக் கழற்றிவிட்டோமோ என்று மனம் கணக்குப் போட்டது. இன்னும் கொஞ்சம் எரிந்தது.

மூன்றாம் மாதம் தேனிக்குத் திரும்பிய பிறகு பெட்டியை எடுத்தோம். அவள் ஒருவழியாக யானை, சிலேட்டு, கவுன், பல் என்று முடிவு செய்திருந்தாள். மயில் தோகை பெட்டிக்கு அடங்கவில்லை. என் பக்கத்தில் அந்தப் பாதி முகப் போட்டோவை வைக்கப்போனவன், வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். ஒரு சீட்டு எழுதினேன். மாமனார் தான் எழுதித் தருவதாகப் போனிலேயே கெஞ்சினார். விடவில்லை. என் கோழிக்கிறுக்கலிலேயே எழுதினேன்:

'முதல் சட்டை. மயிலாடும்பாறையில் இருக்கிறது. உனக்குத் தேவைப்படும்போது போ. கையை நீட்டிக் கேள். மூன்று நாளில் திருப்பிக் கொடு.'

அவள் வாங்கிப் படித்தாள். என் பாதியின் தரையில் வைத்தாள். பிறகு தன் பக்கத்தை அடுக்கி மூட முயன்றாள். சிலேட்டு துருத்திக்கொண்டு நின்றது, மூடி சேரவில்லை.

"ஏங்க, ஒங்க பக்கம் காலியாத்தான கெடக்கு. இந்தச் சிலேட்ட மட்டும் அங்கன வச்சுக்கிறேனே?"

"கூடாது" என்றேன்.